என்ன வேண்டுதல்? ராமநாதபுரம் கரையோரத்தில் ஓட்டப் பயிற்சி

ஜனவரி 23, வெள்ளி இரவு. ராமநாதபுரம்

விடுதிக் குழாயில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே இல்லை. கீழே வரவேற்பில் இருந்த பையனிடம் சொன்னேன். "குளிக்க அதுதான் சார். குடிக்கிறதுக்கு மாடியில கேன் இருக்கு" என்றான். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வந்த முதல் நாள் இதைத்தான் சொல்வார்கள் போல. அறை வாடகை 1,200 ரூபாய். மதுரையிலிருந்து வந்த பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓட வந்திருப்பது நாலு பேர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா, கல்லூரிக் காலத்திலிருந்து என்னை விட்டுத் தொலையாத மாப்ள, நான். வண்டி ஓட்ட அக்காவின் மகன். லைசென்ஸ் வாங்கி அதிக காலம் ஆகவில்லை, ஓம்னி வேனை ஓட்டக் கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் வருவான்.

அடுத்த மாதம் ஐம்பது கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறோம். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினாலே அல்ட்ரா மாரத்தான்தான், ஐம்பது என்பது அந்த வரிசையில் கடைக்குட்டி. நூறு கிலோமீட்டர், நூறு மைல் என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்குக் கடைக்குட்டியே போதும். வாத்தியார் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார். கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரு நொடி பிந்தினாலும் முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

பயிற்சிக்காக ஐம்பதையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்கக் கூடாதாம். அதற்குப் பதில் அடுத்தடுத்த நாள் நீள ஓட்டம். சனிக்கிழமை காலை நன்றாகக் களைக்க வைத்து, அந்தக் களைத்த காலோடேயே ஞாயிறும் திங்களும் ஓடுவது. முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் கால் எப்படி இருக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும், அடிபடும் ஆபத்தும் குறைவு. குடியரசு தின விடுமுறை சேர்ந்து வந்ததால் இங்கே வந்தோம். ஓடப்போகிற சாலையும் கடலோரம்தான், நிழல் கிடையாது. அதற்கு ராமநாதபுரத்தைவிடத் தோதான இடம் இல்லை.

இரவுச் சாப்பாடு பரோட்டா, ஒன்று 15 ரூபாய். சால்னாவில் இந்த ஊர் முண்டு மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. நாலரை மணிக்கு ஓடப்போகிறவன் எத்தனை பரோட்டா சாப்பிடலாம் என்று வாத்தியார் ஒரு கணக்குச் சொன்னார். மாப்ள அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு வாங்கினான்.

ஜனவரி 24, சனி. திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி

ஊருக்குள் இருக்கும் கேணிக்கரையிலிருந்து இருட்டில் கிளம்பினோம். ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வாத்தியாரின் கடிகாரம் கூவியதும் நின்றுவிட வேண்டும், தெம்பாக இருக்கிறதே என்று தொடர்ந்து ஓடினால் திட்டு விழும். வாடை லேசாக வீசியது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாலு பேர் வரிசையாகப் போவதைப் பார்த்து, மீன் கூடையோடு பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்னண்ணே, வண்டி நின்னுபோச்சா?" என்றார். இல்லை, ஓடுகிறோம் என்றோம். கொஞ்ச தூரம் கூடவே வந்து, நிஜமாகவே ஓடத்தான் ஓடுகிறோம் என்று பார்த்துவிட்டுப் போனார்.

திருப்புல்லாணியில் கோயில் தெரு டீக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. டீ 12 ரூபாய். கடைக்காரர் எங்கள் காலைப் பார்த்தார், நெற்றி விளக்கைப் பார்த்தார்.

"ராமேஸ்வரம் நடையா?"

"இல்லைங்க, இப்படியே கீழக்கரை, ஏர்வாடி."

"ஓ, ஏர்வாடி. என்ன வேண்டுதல்?"

மாப்ள உற்சாகமாக விளக்கினான். ஐம்பது கிலோமீட்டர், அடுத்த மாதம், பயிற்சி, அடுத்தடுத்த நாள் நீள ஓட்டம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி சரி. நினைச்சது நடக்கும், போயிட்டு வாங்க" என்றார். ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை என்று மாப்ளைக்கு வருத்தம். எனக்கென்னவோ அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்று பட்டது. இந்தக் கரையில் காலால் நடந்து வருகிறவர்கள் எப்போதும் உண்டு. ராமேஸ்வரத்துக்கு ஒரு கூட்டம், சேதுக்கரையில் முழுக்குப் போட ஒரு கூட்டம், ஏர்வாடி தர்காவுக்கு ஒரு கூட்டம். பஸ் இருக்கும்போது ஒருவன் பஸ்ஸில் ஏறாமல் போனால் அவன் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில் நடை திறந்திருந்தும் வியர்வையும் சேறுமாக உள்ளே போகவில்லை, வாசலில் நின்று கும்பிட்டோம். இலங்கைக்கு வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லின் மேல் படுத்துக் கிடந்த கோலம் உள்ளே இருக்கிறது. "அவரே படுத்துதானே வழி கேட்டாரு, நம்ம எதுக்கு ஓடுறோம்?" என்றார் அக்கா. வாத்தியாரிடம் பதில் இல்லை.

சேதுக்கரை போய்ச் சேர்ந்தபோது சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. கடலைப் பார்த்தபடி நிற்கும் ஆஞ்சநேயர் கோயில், கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள், கணுக்கால் நனையும் அளவுக்கு மட்டும் வந்து திரும்பும் அலை. எல்லாம் இருந்தது. எங்கள் ஓம்னி மட்டும் இல்லை. தண்ணீர், உப்புப் பொட்டலம், வாழைப்பழம் எல்லாம் அதில்தான். அக்கா மகனுக்குப் போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. (பையன் போனில் வழி காட்டியதைப் பார்த்து நேரே கீழக்கரை போய், ஒரு பள்ளிவாசல் பக்கத்தில் நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்கியிருக்கிறான். இது பிறகு தெரிந்தது.)

திரும்பித் திருப்புல்லாணி வரும் சாலையில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. தை மாத வெயில்தானே என்று வந்தவர்களுக்குச் சொல்கிறேன், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். அதன் நிழல் அதற்கே போதாது. பதினாறாவது கிலோமீட்டர் தாண்டி எல்லோருக்கும் நாக்கு ஒட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்தத் தள்ளுவண்டி எதிரே வந்தது. ராமநாதபுரம் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் இரும்பு வண்டி. சின்னச் சக்கரங்கள், குடம் உட்கார வட்ட வட்டமான சட்டங்கள், அதில் பிளாஸ்டிக் குடங்கள், மஞ்சள் இரண்டு, பச்சை ஒன்று, ஊதா ஒன்று. தள்ளிக்கொண்டு வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு குடத்தின் வாயிலும் ஒரு துணி கட்டியிருந்தது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் நடையை நிறுத்தி, தண்ணீர் அடங்கிய பிறகு மறுபடி தள்ளினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

தண்ணீர் கேட்கவே வாய் வரவில்லை. அவரே நின்றார். "வீடு இந்தா இருக்கு, வாங்க." வேலிக்குள் கூட்டிப்போய் நிழலில் நிற்க வைத்துவிட்டு, பச்சைக் குடத்தைச் சரித்துச் சொம்பில் ஊற்றினார். மாப்ள முதல் வாய் குடித்துவிட்டு, பழக்கத்தில் கையைக் குழித்து முகத்துக்குக் கொண்டு போனான்.

"தம்பி, குடிங்க. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க. மூஞ்சி கழுவாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மாப்ள கையிலிருந்ததையும் குடித்துவிட்டான். முகம் கழுவ வேண்டும் என்றால் அந்தப் பக்கம் அடிகுழாய் இருக்கிறது, உப்பாக இருக்கும் என்று காட்டினார். குடிநீர்க் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிறாராம், லாரி வராத நாளில் ஊருணி பக்கம் நடை. நாங்கள் குடித்தது அரைக் குடத்துக்கு மேல் இருக்கும்.

வாத்தியார் மெல்லக் கேட்டார், "அம்மா, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" அவர் கேட்டதில் காரணம் உண்டு. மணிக்கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம், முற்றினால் வலிப்பு வரைக்கும் போகும். நீள ஓட்டங்களில் தண்ணீர் பற்றாமல் விழுவது போலவே தண்ணீர் அதிகமாகி விழுவதும் உண்டு. அந்த அம்மா உப்புக்குப் பதில் ஒரு ஜாடியைக் கொண்டுவந்தார். உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய். ஆளுக்கு ஒரு துண்டு. கடைவாயில் அடக்கிக்கொண்டு ஓடினால் அரை மணி நேரம் வருகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கி வைத்திருக்கும் மாத்திரை, ஜெல் எல்லாவற்றையும்விட மேல்.

பணம் வாங்கவில்லை. "வேண்டுதலுக்குப் போறவங்கட்ட காசு வாங்குறதா?" என்றார். அக்கா உடனே, "ஆமாம்மா, வேண்டுதல்தான்" என்று ஒத்துக்கொண்டார். அதன் பிறகு வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் அக்காதான் பதில். ஒருவருக்கு மகன் வேலை, இன்னொருவருக்கு வாத்தியாரின் கல்யாணம். வாத்தியாருக்குக் கல்யாணமாகிப் பேத்தி இருக்கிறாள்.

கீழக்கரையில் ஓம்னியைக் கண்டுபிடித்து, பையனை எழுப்பி, அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. பசியாற இடியாப்பமும் மீன் ஆணமும். இங்கே குழம்புக்கு ஆணம் என்பார்கள். விளமீன், புளி குறைவு, தேங்காய்ப்பால் அதிகம். நாலு பேருக்கும் பையனுக்கும் சேர்த்து 420 ரூபாய். அப்புறம் டீக்கடையில் குடித்துவிட்டுக் காசு கொடுக்கப் போனால், "காக்கா குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் கடைக்காரர். இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யார் என்று கேட்டதற்குக் கடைக்காரரும் பெயர் சொல்லவில்லை. வள்ளல் சீதக்காதியின் ஊர், கேட்கவா வேண்டும்.

தொதல் வாங்கினோம், கால் கிலோ நூறு ரூபாய். தேங்காய்ப்பாலும் வெல்லமும் மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது, நெய் போலப் பளபளவென்று இருக்கும். மாப்ள இதுதான் இயற்கை ஜெல் என்று அறிவித்துவிட்டு ஒரு பெரிய துண்டை விழுங்கி ஓட ஆரம்பித்தான். வாத்தியார் எச்சரித்தார், கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், ஓடும்போது சர்க்கரையும் உப்பும் மட்டும் போதும் என்று. ஏர்வாடி போகிற வழியில் மூன்றாவது கிலோமீட்டரில் மாப்ள கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கினான். தொதல் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அமிர்தமாக இருந்தது.

ஏர்வாடி தர்கா வாசலில் கடிகாரம் 34 கிலோமீட்டர் காட்டியது. நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பூவும் சர்க்கரையும் விற்கும் கடைகள், கேரளாவிலிருந்து வந்த வேன்கள், மரத்தடிகளில் நாள்கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்கள். மனநலம் சரியில்லாதவர்களை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது பழைய வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இந்த ஊரில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள்.

மரத்தடியில் ஒரு அம்மா, பக்கத்தில் முப்பது வயது மகன். அவன் எங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா அக்காவிடம் கேட்டார், "எங்கேர்ந்து நடந்து வர்றீங்க? என்ன வேண்டுதல்?"

அக்கா இதற்குப் பதில் சொல்லவில்லை. "உங்க பையனா? என்ன பேரு?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வண்டிக்குப் போய்க் காத்திருந்தோம்.

ஜனவரி 25, ஞாயிறு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்

படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். தொடை முன்பக்கமாக இறங்க விடவில்லை. வரவேற்புப் பையன் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பையன்.

மண்டபத்தில் வண்டியை விட்டு இறங்கி முதல் இரண்டு கிலோமீட்டர் வெறும் நடை. ஒருவரும் பேசவில்லை. மூன்றாவதில் கால் இளக ஆரம்பித்தது. இது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இன்று முடியாது என்று மனசு சத்தியம் செய்தபடி இருக்க, கால் தன்பாட்டுக்கு ஓடுகிறது, மெதுவாகத்தான்.

பாம்பன் சாலைப் பாலத்தில் வாடைக் காற்று இடது பக்கத்திலிருந்து ஆளைத் தள்ளியது. தொப்பி முதலில் போனது வாத்தியாருடையது. கடலில் விழும் வரை நின்று பார்த்தோம். 1988-இல் திறந்த பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் கப்பல் போக உயர்ந்து இறங்குகிறது. சமதளத்திலேயே பயிற்சி செய்த எங்களுக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் ஒரே மேடு. பக்கத்தில் புதிய ரயில் பாலம், போன வருடம் ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே நேர் மேலே தூக்கிக்கொள்ளும். 1914-இன் பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் ஆள்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். கார்களில் வந்தவர்கள் நடுப்பாலத்தில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், போலீஸ் விசில் அடித்து விரட்டியது. எங்களையும் பார்த்தார்கள். ஓடுகிறவனை விரட்டி என்ன செய்ய என்று விட்டுவிட்டார்கள்.

பாலம் இறங்கியதும் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து அக்கா ஷூவைக் கழற்றினார். நேற்று சுண்டுவிரலில் கொப்புளம், அதற்கு மேல் பிளாஸ்டர் சுற்றியது பாலத்திலேயே கழன்றுவிட்டது. மறுபடி சுற்றுவதைப் பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இப்படிச் சுத்துனா நிக்காது" என்றார்.

பக்கத்தில் சின்னப்பாலம் என்ற ஊர்க்காரர். பாசி எடுக்கப் போகிறவர். அந்த ஊர்ப் பெண்கள் தீவுப் பக்கம் மூழ்கிப் பாறையிலிருந்து கடற்பாசியைப் பிய்த்து எடுப்பார்கள், கையில் கிழியாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். இன்று கடலுக்குப் போகவில்லையாம். அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார், அக்கா வேண்டாம் வேண்டாம் என்றதைக் காதிலேயே வாங்கவில்லை. பிளாஸ்டரை நீளவாக்கில் பாதியாகக் கிழித்தார். விரல் நுனியில் ஆரம்பித்து, சாய்வாக இரண்டு சுற்று, மூட்டு வந்ததும் அதை விட்டுத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு சுற்று. "மூட்ட விட்டுட்டுச் சுத்தணும். மடங்குற எடத்துல சுத்துனா அதுவே இழுத்து அவுத்துவிட்டுரும்." கடைசி முனையை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். அவருடைய விரல்களில் பழைய வெட்டுகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

"ஓடுனா என்ன தருவாங்க?"

"மெடல் குடுப்பாங்கம்மா" என்றேன்.

"காசு?"

"காசு நாமதான் கட்டணும்."

"காசு கட்டி ஓடுறீங்களா!" பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகும் பக்கத்து சீட்டுக்காரரிடம் எங்களைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தக் கட்டு அன்று முழுக்க அசையவில்லை.

தங்கச்சிமடம் தாண்டிப் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், 2017 ஜூலை 27 அன்று திறந்தது. அத்தனை காலையில் பூட்டியிருந்தது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி ஊருக்குள் ஓடிப் போட்ட பையன் அவர். வாத்தியார் வாசலில் நின்று இதை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார். நின்றால் கால் இறுகிவிடும், சீக்கிரம் சொல்லி முடியுங்கள் சார் என்றான் மாப்ள.

வழியில் வேண்டுதல் கேள்வி வந்தால் இன்று எல்லோரும் "ஆமாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டோம். ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, நாற்பது ரூபாய் சொன்ன கடையில் முப்பது மட்டும் வாங்கினார். "நடைக்காரங்களுக்கு இந்த வெலதான்."

ராமேஸ்வரத்தில் அக்கினி தீர்த்தத்தில் இறங்கினால்தான் தெரிந்தது, மாப்ளைக்குத் தொடை இடுக்கில் தோல் உரிந்திருந்தது என்று. காலையில் வாஸ்லின் தடவச் சொன்னபோது வேண்டாம் என்றவன். கடல் தண்ணீர் பட்டதும் அவன் போட்ட சத்தத்தில், தர்ப்பணத்துக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த சாஸ்திரிகள் ஒருவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக இறைத்து ஊற்றினார்கள். நீள ஓட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் உட்காரும் ஆட்களைப் படித்திருக்கிறேன். இது அதைவிட நல்ல ஏற்பாடு, கூட்டத்தோடு நடந்து நடந்து கால் பிடிப்பும் விட்டுவிடுகிறது. ஈரக் கல்தரையில் கொப்புளத்தோடு வெறுங்காலில் நடப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

தெருவில் அவித்த பனங்கிழங்கு, கட்டு 50 ரூபாய். சாயங்காலம் விடுதித் திண்ணையில் உட்கார்ந்து தோலை உரித்து, நீளவாக்கில் பிளந்து, நடுக்குருத்தை உருவிவிட்டுச் சாப்பிட்டோம். நார்ச்சத்து அதிகம், ஓடும்போது வேண்டாம், ஓடி முடித்த பிறகு சரி என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். மாப்ள இந்த முறை கேட்டுக்கொண்டான்.

ஜனவரி 26, திங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனை

இருட்டோடு ஓடி அரிச்சல்முனையில் சூரியோதயம் பார்ப்பது திட்டம். தடுப்பில் இருந்தவர் விடவில்லை. விடிந்த பிறகுதான் வண்டியும் ஆளும் போகலாம். "நாங்க வண்டியில போகலைங்க, ஓடிப் போறோம்" என்று மாப்ள சொன்னது காரியத்தைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். "இருட்டுல ஓடுறீங்களா? எதுக்கு?" என்று அவர் இன்னும் உஷாராகிவிட்டார். வேண்டுதல் என்று சொல்லியிருக்கலாம், அக்கா வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் நாலு பேரும் பையனும். ஈர ஷூ நாற்றம்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை 9.5 கிலோமீட்டர், 2017-இல் திறந்த சாலை. அதற்கு முன்னால் மணலில் வேனில்தான் போவார்கள். இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. இடது பக்கத்தைப் பெண் கடல், வலது பக்கத்தை ஆண் கடல் என்பது இங்கே வழக்கு. ஆனால் வாடை காலத்தில் பாக் நீரிணைதான் குதிக்கும், மன்னார்ப் பக்கம் அடங்கிக் கிடக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீச ஆரம்பித்தால் தலைகீழ். இன்று அப்படித்தான் இருந்தது. காற்று மணலை வாரி இடது கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது. திரும்பும்போது வலது கன்னம்.

உப்பங்கழியில் பூநாரைகள், தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. போன ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மாப்ள படம் எடுக்க நின்றான், படத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் வந்திருக்கின்றன.

இடிந்த தேவாலயத்துப் பக்கம் வாத்தியார் எங்களைச் சாலையிலிருந்து மணலில் இறக்கினார். மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கால் புதைந்து புதைந்து எழுவதில் உந்துகிற பலமெல்லாம் மணலுக்கே போய்விடுகிறது. அலை நனைத்த ஓரம் கெட்டியாக இருக்கிறது என்று அங்கே போனால் கடற்கரைச் சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. முழங்கால் முனகியது. கால் மணி நேரத்தில் நானும் அக்காவும் சாலைக்கே ஏறிவிட்டோம்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போன ஊர். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. ரயில் நிலையத்தின் சுவர், தேவாலயத்தின் பவளக்கல், தண்ணீர்த் தொட்டி, இப்படிச் சிலதுதான் மிச்சம். மின்சாரம், குழாய் எதுவும் இல்லாமல் மீனவக் குடும்பங்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு குடிசைப் பக்கத்தில் மணலில் இடுப்பளவுக் குழி, அதில் ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு ஒரு சிறுமி குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்டதும் தந்தாள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். உப்பு கரிக்கவே இல்லை. மழைத்தண்ணீர் மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது, ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்றார் வாத்தியார். மாப்ள முகம் கழுவாமல் குடித்தான்.

முனையைத் தொட்டுத் திரும்பும்போது குடியரசு தினக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. வேன், கார், கொடி கட்டிய பைக். ஜன்னலில் தலையை நீட்டி, "ஓடு ஓடு, பின்னாடி நாய்!" என்று கத்தினார்கள். ஒரு காரிலிருந்து ஒரு சின்னப் பையன் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான், காரும் எங்கள் வேகத்துக்கே ஊர்ந்தது, நெரிசல். வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் குடிசைக் கடையில் மீன் வறுவல். பாறை மீன் ஒன்று 150 என்றார்கள், அக்கா பேரம் பேசி நாலு 500-க்கு முடித்தார். மிளகாய் விழுதும் எலுமிச்சையும் தடவி, கடலை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, இலையில். எண்ணெய் கண்ணில் தெரிந்தும் வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, அவர்தான் முதலில் முடித்தார். என் வலது பெருவிரல் நகம் கறுத்திருக்கிறது, இரண்டு வாரத்தில் விழும் என்கிறார். ஓட்டத்துக்கு முன்னால் விழுந்தால் நல்லதாம்.

பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. வாத்தியார் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். மணல் உட்பட இன்று 19 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கிலோமீட்டருக்கு ஒன்பதரை நிமிடம். இதே நடையில் ஐம்பது போனால் 7 மணி 55 நிமிடம். ஓட்டத்துக்குக் கொடுத்திருப்பது எட்டு மணி நேரம்.

"அஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கு" என்றார்.

"அப்ப ஒரு டீ குடிக்கலாம்" என்றார் அக்கா.